அக்காவின் காலில் நான் பார்த்த புழு

இந்த ஊரில் ஆட்கள் மழையில் சைக்கிள் மிதித்து வந்து, ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி எங்களிடம் நீட்டுகிறார்கள். நாங்கள் அந்தக் கையில் புழு விடுகிறோம். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் கால்வாய் ஓரமாக இருக்கும் ஒரு சின்ன நகரத்து ஆய்வுக்கூடத்தில் இதுதான் என் பிழைப்பு. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீரில் அவற்றை எடுத்து ஒரு துணித்துண்டில் விட்டு, அந்தத் துணியைக் கையில் வைத்துக் கட்டுவோம். சற்று நேரத்தில் குஞ்சுகள் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அதுவரை அவர்கள் காபி குடித்துக்கொண்டோ குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டோ உட்கார்ந்திருப்பார்கள். கட்டை அவிழ்த்ததும் எழுந்து 'டாங்க் யே வெல்' என்று நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் எங்கள் தெருவில் இதை முதன்முதலாகச் சொன்னபோது, 'அதுங்களுக்கு இன்னா கேடு?' என்றுதான் கேட்டார்கள்.

கேடு ஒன்றும் இல்லை. கொக்கிப்புழுவுக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடிக்கும் வேலை இது. முதலில், புற ஊதா ஒளியில் காட்டி வலுவிழக்கச் செய்த குஞ்சுகளைத் தோலில் விடுவோம். அவை தோலைத் தாண்ட முடியாமல் அங்கேயே செத்துப்போகும். சாகிற புழுவின் அடையாளத்தைத் தோல் குறித்து வைத்துக்கொள்ளும். சில வாரம் கழித்துத் தெம்பான குஞ்சுகளை அதே ஆளின் கையில் விட்டால், தோல் புழுவை அடையாளம் கண்டு வாசலிலேயே மடக்கும். மடக்குவது சத்தமில்லாமல் நடக்காது. சிவக்கும், தடிக்கும், அரிக்கும், சிலருக்கு நீர்க்கொப்புளம் கட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதலில் வெறும் தண்ணீர்க் கட்டு போட்டுக்கொண்டவர்களுக்கு நாலைந்து புள்ளி வந்து அடங்கிவிடும். மருந்து பெற்றவர்களுக்கோ வாரக்கணக்கில் போகாது. எங்களுக்கு அந்த அவதிதான் நல்ல செய்தி. கடைசியில் எல்லாருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்துப் புழுவை ஒழித்து அனுப்பிவிடுவோம். தினமும் அந்தக் கைகளைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுப்பதும், வண்ண அட்டையோடு ஒப்பிட்டுச் சிவப்புக்கு மார்க் போடுவதும் என் வேலை. ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு உண்டு. காலையில் அரிப்பு எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அவர்களே எழுத வேண்டும். எங்கள் தலைமை ஆய்வாளர் டாக்டர் ரூட் அதை ஒரு வரி விடாமல் படிப்பார். மனிதருடைய அரிப்பை இவ்வளவு மரியாதையாக எழுதிவைக்கும் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வருகிறவர்களில் இனேக என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை இருந்தார். நல்ல மனுஷி. தன் கையில் சிவந்து கிடக்கும் தடிப்பைக் குழந்தை பரிசு வாங்கியதைக் காட்டுவது மாதிரி எல்லாருக்கும் காட்டுவார். ஒருநாள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, "உங்கள் ஊரிலும் இப்படிக் கை கொடுக்கிறார்களா?" என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "எங்கள் ஊரில் கை கொடுக்கத் தேவையில்லை, தரையில் கால் வைத்தாலே போதும், புழு தானாக ஏறிக்கொள்ளும்" என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது. அடுத்த வாரம் ஒரு பெரிய பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே பழைய செருப்பு, ஷூ, பூட்ஸ். அவர் தெருவில் வீடு வீடாகப் போய் வாங்கிவந்தாராம், என் ஊருக்கு அனுப்புவதற்கு. அவரைப் போலவே 'டாங்க் யே வெல்' சொல்லி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் அந்தப் பையைத் தெருமுனையில் பழைய துணி போடும் பெட்டியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு அவர்மேல்தான் கோபம். அந்த நகைச்சுவையைச் சொன்னது நான்தான் என்பது உறைக்கவே இல்லை.

உறைக்காததற்குக் காரணம் உண்டு. எண்ணூர் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் நெதர்லாந்தில் இல்லை, சென்னையிலேயே இருந்தார்கள். யானைக்கவுனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது, என் டிபன் டப்பாவைத் திறந்தால் பக்கத்து நாற்காலி நகரும். நான் பேசினால் கூட இருந்தவள் அதையே இழுத்துப் பேசிக் காட்டுவாள். அதனால் 'கீது' என்பதை 'இருக்கு' என்று மாற்றிக்கொண்டேன். வீடு எங்கே என்று கேட்டால் திருவொற்றியூர் என்றேன். இன்னும் கொஞ்சம் மதிப்பு வேண்டும் என்று தோன்றினால் ராயபுரம் என்றேன். வெளிநாடு வந்தபின் ஒரே தாவாகச் சென்னை என்று சொல்லிவிட்டேன், யாரும் மேலே கேட்கவில்லை. ஆக, ஊரைச் சொல்ல வெட்கப்படுகிற பழக்கத்தை நான் இங்கே வந்து கற்றுக்கொள்ளவில்லை, அங்கிருந்தே கப்பல் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நானும் கை கொடுக்கிறேன் என்று ரூட்டிடம் சொன்னேன். கூட வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று பேர் கொடுத்திருந்தார்கள். அவர் சந்தோஷப்பட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். மூன்றாவது கேள்வி, எங்கே பிறந்தீர்கள். எழுதினேன். அதோடு சரி. கொக்கிப்புழு இருக்கும் நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆய்வுக்கு ஆக மாட்டார்கள். அவர்களுடைய தோல் புழுவை ஏற்கெனவே பார்த்திருக்கும், புழு அதைப் பழக்கியும் வைத்திருக்கும், புதிதாக என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. "உன் தோலுக்கு ஏற்கெனவே ஒரு சரித்திரம் இருக்கிறது" என்று ரூட் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு எப்போதாவது கொக்கிப்புழு இருந்ததா என்று ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. நானும் சோதிக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வைத்து, டீச்சர் எதிரிலேயே மென்று விழுங்கச் சொன்ன வெள்ளை மாத்திரை நினைவுக்கு வந்தது. இருந்திருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இனி அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

என் அக்கா தேவி நெட்டுக்குப்பத்தில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அக்கா ஆற்றில் இறால் பிடிப்பாள். வலையெல்லாம் கிடையாது. நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்துச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். கையில் இறால் தட்டுப்பட்டால் எடுத்துப் பறியில் போட வேண்டும். பறி என்பது சின்ன ஓலைக்கூடை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். தெருவில் இன்னும் சில பெண்கள் இதே வேலை செய்கிறார்கள். என் மைக்ரோபயாலஜி படிப்புக்குப் பணம் அக்காவின் இந்தக் கையால் வந்ததுதான்.

போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் அக்கா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பிவிட்டு வீடியோவில் கூப்பிட்டாள். ஆய்வுக்கூடத்து மதிய இடைவேளை. நான் வேலை செய்யும் மேசையிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாடி இது, காலப் பாரு. தண்ணில எறங்குனா தீ வெச்சா மாரி எரியுது" என்றாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரலிடுக்கிலும் கணுக்காலைச் சுற்றியும் பொடிப்பொடியாகத் தடிப்புகள். சில இடத்தில் நகம் பட்டுக் கிழிந்திருந்தது.

"அரிக்குதா?" என்று கேட்டேன். தினமும் இருபது பேரிடம் கேட்கிற கேள்வி, வாயில் அதுதான் வந்தது.

"அரிக்கவும்தான் செய்து. எரியுதுன்றேன். கம்பெனிக்காரன் கொயா ஒடஞ்சதுலேர்ந்து தண்ணியே வெதவெதன்னு கீது."

"பத்துக்கு எவ்வளவு அரிக்குது?"

அக்கா கடகடவென்று சிரித்தாள். "நின்னா ஏயு, உக்காந்தா பத்து. ஆத்துல எறங்குனா உன் பேப்பர்ல எடம் பத்தாது, எய்திக்கோ."

எழுதிக்கொண்டேன். என்ன எழுதினேன் என்பதுதான் விஷயம். அரிப்பு என்று எழுதினேன். எரிச்சலை எழுதவில்லை. குழாயை எழுதவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அவள் சொன்னது ரொட்டியோடு உள்ளே போய்விட்டது. தினமும் ஸ்கேல் வைத்துப் பார்க்கிற தடிப்பு, கொக்கிப்புழுக் குஞ்சு தோலைத் துளைத்த இடம், இது எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் சிவப்பு அதிகம் தெரியவில்லை, ஆகவே பெரிதாக ஒன்றும் இல்லை என்றும் ஒரு மார்க் போட்டேன். என் வண்ண அட்டையில் இருப்பதெல்லாம் வெள்ளைத் தோலில் வருகிற சிவப்பு. வெயிலில் கறுத்த என் அக்காவின் காலில் புண் கருஞ்சாம்பலாகத்தான் வரும் என்பது, அதே காலோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை.

அக்கம்பக்கத்து மருந்தகத்தில் சீட்டு இல்லாமல் மாத்திரை தர மாட்டேன் என்கிறார்கள், நீயே ஒரு லெட்டர் போட்டு அனுப்பு என்றாள் அக்கா. ஆய்வுக்கூடத்தின் பெயர் அச்சடித்த தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன். தோலில் கொக்கிப்புழுக் குஞ்சுகள் நுழைந்ததற்கான அறிகுறிகள் தெரிகின்றன, பூச்சி மாத்திரை கொடுக்கவும், வெறுங்காலோடு நடப்பதைத் தவிர்க்கவும். கீழே கையெழுத்து. நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன் என்று எழுதவில்லை. அந்தத் தாளில் எழுதினால் அக்காவை உட்காரவைத்துப் பேசுவார்கள் என்ற நினைப்பு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அந்தத் தாளில் என் பெயர் எப்படி இருக்கும் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது. அக்கா அதை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, மாத்திரை வாங்கித் தின்று, தெருவில் கால் புண்ணோடு இருந்த மற்ற பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தாள். என் தங்கச்சிக்கு வெளிநாட்டில் இதுதான் வேலை என்று எல்லாரிடமும் சொன்னாளாம்.

பொங்கலுக்கு விடுமுறை போட்டு ஊருக்கு வந்தேன். வழக்கமாகத் தெருமுனையில் ஆட்டோ நின்றதும் நாலு பேராவது பையைத் தூக்க வருவார்கள். இந்தமுறை வரவில்லை. குழாயடியில் நின்ற ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாம்மா பூச்சி டாக்டரு" என்றது. அக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கணுக்காலிலும் துணி சுற்றியிருந்தது. தண்ணீரில் இறங்கி மூன்று வாரம் ஆகிறது என்றாள். மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா மட்டும்? நீ இன்னொரு லெட்டர் போடுவ" என்றாள். அதில் கேலி பாதிதான் இருந்தது.

மிச்சத்தை வேலு மாமா சொன்னார். அவர் எங்கள் தெருப் பஞ்சாயத்தில் இருப்பவர், அப்பாவோடு ஒரே படகில் போனவர். கரையில் இருக்கும் ஒரு கம்பெனியின் கழிவுக்குழாய் உடைந்து சுடுதண்ணீர் ஆற்றில் விழுகிறது என்று ஊர் சேர்ந்து மனு கொடுத்திருந்ததாம். கம்பெனியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை, லெட்டர் எழுதிக் கற்றுக்கொண்ட பாடம் போதும். விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று காலைக் காட்டினார்கள். அப்போது கம்பெனித் தரப்பில் ஒருவர் எழுந்து ஒரு தாளைப் படித்தார். அது என் கடிதம். எந்த ஜெராக்ஸ் எப்படி அங்கே போனது என்று தெரியவில்லை. 'உங்கள் ஊர்ப் பெண்ணே, வெளிநாட்டில் இதையே ஆராய்ச்சி செய்கிறவர், புழு என்று எழுதியிருக்கிறார். ஆற்றங்கரையில் அசுத்தம் செய்துவிட்டு, செருப்பில்லாமல் நடந்தால் புழுதான் வரும். குழாய் என்ன செய்யும்?' அத்தோடு கூட்டம் முடிந்துபோனது. அடுத்த வாரம் ஊருக்கு ஒரு மருத்துவ முகாம் வந்தது. ஆளுக்கு ஒரு மாத்திரை, ஒரு சோப்பு. கழிவறையைப் பயன்படுத்துவோம், காலணி அணிவோம் என்று ஒரு பேனர் கட்டிவிட்டுப் போனார்கள். நான் போனபோதும் அது மீன் ஏலக் கூடத்துத் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் உன்னத்தான் திட்டுனாங்க. நான் சொன்னேன், பொண்ணு நல்லதுதான் நெனச்சிகீதுன்னு" என்றார் வேலு மாமா. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை நீர் வற்றும் நேரம் பார்த்து நானே ஆற்றில் இறங்கினேன். அக்கா கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, "வோணாண்டி, உனுக்கு இன்னா தலயெய்த்தா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் உண்மையாகவே வெதுவெதுப்பாக இருந்தது. சேறு எனக்குத் தெரிந்த கறுப்புச் சேறு இல்லை. சாம்பல் நிறத்தில், விரலுக்கிடையில் வழுவழுவென்று சீயக்காய் கரைத்தது போல இருந்தது. உட்கார்ந்து கையால் துழாவினேன். பழக்கம் விட்டுப்போனதால் ஒரு இறாலும் அகப்படவில்லை. சற்று நேரத்திலேயே விரலிடுக்கில் எரிய ஆரம்பித்தது. அரிப்பு இல்லை, எரிச்சல். கையை உதறியபோது முகத்தில் தெறித்த தண்ணீர் உதட்டில் பட்டது. நாக்கு தானாக அதைத் தொட்டது. உப்பு.

அங்கேயே அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். கொக்கிப்புழுக் குஞ்சு உப்புத் தண்ணீரில் உயிரோடு இருக்காது. ஆய்வுக்கூடத்தில் முதல் வாரத்தில் சொல்லித்தருகிற பாடம் இது. குஞ்சு வைத்திருக்கும் கிண்ணத்துப் பக்கம் உப்புக் கரைசலைக் கொண்டுபோகாதே என்று என்னிடம் சொன்னார்கள், நானும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் ஊர் ஆறு உப்பு என்று எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது இரண்டும் என் மண்டைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை. ஏன் என்று யோசித்தால் ஒரே பதில்தான் வருகிறது. படத்தில் நான் என் அக்காவின் காலைப் பார்க்கவில்லை. புழு இருக்கும் நாட்டில் பிறந்த ஒருத்தியின் காலைப் பார்த்தேன். யானைக்கவுனியில் நாற்காலியை நகர்த்தியவள் எப்படிப் பார்த்தாளோ அப்படித்தான் நானும் பார்த்திருக்கிறேன். அவளுக்காவது என்னைத் தெரியாது.

அன்று மாலைக்குள் என் காலிலும் அதே பொடித் தடிப்புகள் வந்துவிட்டன. ஆய்வுக்கூடம் எதற்கும் ஆகாது என்று தள்ளிய தோல் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னது. அதைக் கேட்கத்தான் ஆளில்லாமல் போயிருந்தது.

கடிதத்தைத் திரும்பப் பெறுவதற்காக அந்த மனு இருக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். இரண்டு கணுக்காலையும் காட்டி, நான் எழுதியது தவறு, உப்பு ஆற்றில் இந்தப் புழு இருக்க முடியாது, இது சுடுதண்ணீரும் ஏதோ ரசாயனக் காரமும் பட்ட புண் என்று எழுதிக்கொண்டுபோன இரண்டாவது கடிதத்தைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"முதல் லெட்டர் ஆராய்ச்சி நிலையத்துத் தாளில் இருக்கு. இது வெள்ளைத் தாளில் இருக்கே?"

"அந்தத் தாளில் எழுத எனக்கு அனுமதி கிடையாது சார். முதலில் எழுதினதும் தப்பு."

"நீங்க டாக்டரா?"

"இல்லை."

"அப்போ இதை எப்படிம்மா நான் ஏத்துக்கறது?"

"அப்படின்னா அதையும் ஏத்துக்கக் கூடாதே சார். அதையும் எடுத்துடுங்க."

"ஃபைலுக்குப் போனதை எடுக்க முடியாது. அதுவுமில்லாம, அதை எழுதும்போது நீங்க வெளிநாட்டில் இருந்தீங்க, உங்களுக்கு எந்த அழுத்தமும் இல்லை. இப்போ ஊரில் வந்து உட்கார்ந்துகிட்டு மாத்தி எழுதறீங்க. ஊர்க்காரங்க எழுதச் சொன்னாங்கன்னு கம்பெனிக்காரங்க சொன்னா நான் என்ன பதில் சொல்றது?"

தூரத்தில் இருந்து ஒன்றும் பார்க்காமல் எழுதியது நடுநிலை. தண்ணீரில் இறங்கிப் பார்த்து எழுதியது ஊர்ப்பாசம். அவர் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவர் இரண்டாவது கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார், எதில் வைத்தார் என்று தெரியாது.

வெளியே வந்து ரூட்டுக்கு ஃபோன் செய்தேன். ஆய்வுக்கூடத்தின் பெயரில் நாலு வரி, உப்பு நீரில் இந்தக் குஞ்சு வாழாது என்று மட்டும் எழுதித் தந்தால் போதும் என்று கேட்டேன். பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தானே. ரூட் முதல் கடிதத்தைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். நிலையத்தின் தாளை நான் அப்படிப் பயன்படுத்தியது பெரிய தவறு என்றும், மேலே போகாமல் தான் பார்த்துக்கொள்வதாகவும், இன்னொரு நாட்டில் நடக்கும் தகராறில் நிலையம் கருத்துச் சொல்லாது என்றும் சொன்னார். இன்னொரு கடிதம் எழுதினால் வேலையில் வைத்துக்கொள்வது தனக்குக் கஷ்டம் என்றும் மெதுவாகச் சொன்னார். நான் வைக்கப்போகும்போது, "அந்தப் படங்கள் உன்னிடம் இருக்கின்றனவா? கறுத்த தோலில் தடிப்பு எப்படித் தெரியும் என்பதற்கு நம்மிடம் படங்களே இல்லை. உன் அக்கா சம்மதித்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்" என்றார். உதவி செய்வதாகத்தான் நினைத்துக் கேட்டார். இனேக செருப்பு கொண்டுவந்த அதே நல்ல மனசு. ரோட்டில் நின்று எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன், ஃபோனை வைத்த பிறகு. எல்லாம் எங்கள் தெருப் பாஷையில் அட்சரம் பிசகாமல் வந்தது.

நெதர்லாந்திலும் எண்ணூரிலும் தோல் ஒன்றுதான், அதன் வேலையும் ஒன்றுதான். உள்ளே வரக்கூடாதது வந்தால் கத்துவது அதன் வேலை. ஆய்வுக்கூடத்தில் கத்தினால் நோட்டில் எழுதி, ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பத்திரப்படுத்தி, தோல் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஆச்சரியப்படுகிறோம். அக்காவின் தோல் பத்துக்குப் பத்து கத்தியது. கையில் சோப்பைக் கொடுத்துக் காலைக் கழுவு என்றார்கள். குற்றம் அந்தக் காலில்தான் என்று முதலில் எழுதிக் கொடுத்தவள் நான்.

நான் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஊர் புது மனு தயாரித்தது. வேலு மாமா அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு தோல் டாக்டரை எப்படியோ பேசி வரவழைத்திருந்தார். அந்தப் பெண் டாக்டர் வந்து ஆற்றுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெண்களின் காலை ஒவ்வொன்றாகப் பார்த்து, எரிச்சல் என்று எழுதிக் கொடுத்தார். அரிப்பு என்று அவர் ஒரு இடத்திலும் எழுதவில்லை. அதை இணைத்து, ஏலக் கூடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, மதியம் மூன்று மணிக்குக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். பக்கத்து முகத்துவாரக்குப்பத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கடல் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி நடந்து வந்தாள். எங்கள் முறை வந்தபோது பேனாவை முதலில் நான் வாங்கினேன்.

வேலு மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போடாதம்மா."

"ஏன் மாமா? நானும் இந்த ஊர்தானே?"

"ஆரு இல்லன்னாங்க? உன் கையெய்த்து அந்த ஃபைல்ல கீதே. இதுலயும் இருந்துச்சின்னா, அன்னிக்கு ஒண்ணு சொல்லிச்சி, இன்னிக்கு ஒண்ணு சொல்லுதுன்னு அல்லாரோடதும் சேத்துத் தள்ளிடுவானுங்க. நீ இல்லாத இருந்தாத்தான் இது நிக்கும்."

சரிதான். அதில் ஒரு வார்த்தைகூட மறுக்க முடியாது. அக்காவைப் பார்த்தேன், எனக்காக ஏதாவது சொல்வாள் என்று. அவள் என் விரலிலிருந்து பேனாவை எடுத்து, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, தேவி என்று பெரிய எழுத்தில் போட்டாள். போட்டு முடிப்பதற்குள் காற்றில் தாள் எழும்பி அவள் எழுத்தின்மேல் மடிந்தது. யாரோ கல் தேடினார்கள். நான் பெஞ்சின் மறுபக்கம் போய் நின்று, தாளின் இரண்டு ஓரத்தையும் இரண்டு உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஆள் வந்தார், அதற்கடுத்த ஆள் வந்தார். சிலர் எழுதினார்கள், சிலர் கட்டைவிரலில் மை தடவி வைத்தார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, பிடிக்கச் சொல்லவும் இல்லை. வெயில் இறங்கும்வரை என் இரண்டு கைக்கும் நடுவில் ஊர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.